நத்து செத்தது எப்படி?



நாவல் ஒன்று தொலைக்காட்சிக்குப் போகிறது. கதை அதே கதை, ஊர் அதே ஊர், பெயர்களும் அவையே. ஆள் மட்டும் மாறிவிடுகிறான்! கேட்டால், "எழுத்து வேறு, காட்சி வேறு, மாற்றாமல் முடியுமா?" என்கின்றனர். முடியாதுதான், யார் மறுத்தது? எவனை மாற்றினீர், மாற்றியதால் எந்தக் குற்றவாளி நம் கண்ணிலிருந்து தப்பினான் என்பதன்றோ நமது கேள்வி!

'தமஸ்' நாவலை எடுத்துக்கொள்வோம். தமஸ் என்றால் இருள். இந்தி எழுத்தாளர் பீஷ்ம சாஹ்னி எழுதியது. 1975இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. ராவல்பிண்டியில் பிறந்தவர் அவர். 1947இல் அந்த வட்டாரம் தீப்பற்றி எரிந்ததை அருகிருந்து கண்டவர்.

நாவல் நத்துவிடம்தான் தொடங்குகிறது. தோல் உரிக்கும் தொழிலாளி. ஊர் தீண்ட மறுக்கும் குலத்திலே பிறந்தவன். முராத் அலி என்பவன் ஐந்து ரூபாய் நோட்டொன்றைத் தந்து, கால்நடை மருத்துவருக்கு வேண்டும் என்று பொய் சொல்லி, ஒரு பன்றியைக் கொல்ல வைக்கிறான். இரவெல்லாம் போராடிக் கொல்கிறான் நத்து. விடிந்து பார்த்தால், பன்றி மசூதிப் படிக்கட்டிலே கிடக்கிறது! கவனியுங்கள் தோழர்களே, மசூதி வாயிலுக்குப் பன்றியைத் தேடிக் கொடுத்தவன் பெயர் முராத் அலி! அவன் எந்த மதத்தவன் என்று கேட்பவனுக்கு இந்நாவல் விளங்காது. அவன் யாருடைய ஆள் என்று கேட்பவனுக்கே விளங்கும்.

ஊர் எரிகிறது. நத்து நடுங்குகிறான், செய்ததை மனைவியிடம் சொல்லிப் புலம்புகிறான். பிறகு நாவலாசிரியர் அவனை விட்டுவிடுகிறார். கதை சிற்றூர்களுக்குப் போகிறது. குருத்துவாரா, கிணறு, துரைத்தனத்தார் மாளிகை என்று சுழல்கிறது. நத்துவைக் காணோம். நூலின் கடைசியிலே, போகிறபோக்கில், அவன் இறந்துவிட்டான் என்று ஒரு வாக்கியம் வருகிறது. யார் கொன்றது? எங்கே? எந்த நாளில்? சொல்லப்படவில்லை.

இது ஆசிரியரின் மறதியா? இல்லை. ஐந்து ரூபாய்க்கு வாங்கப்பட்டவன், வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டான். அதிகாரம் அவனை எப்படி நடத்தியதோ அப்படியே நூலும் நடத்திக் காட்டுகிறது. படிப்பவன் பதறிப்போய், "நத்து எங்கே?" என்று பக்கங்களைப் புரட்ட வேண்டும். புரட்டியும் கிடைக்கக் கூடாது.

1988இல் தூர்தர்சனில் வந்தது தொடர். இயக்கியவர் கோவிந்த் நிகலானி. நத்துவாக ஓம் பூரி, மனைவி கர்மோவாக தீபா சாஹி. இங்கே நத்து மறைவதில்லை. கருவுற்ற மனைவியையும் நடக்கமாட்டாத தாயையும் அழைத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடுகிறான். தாய் வழியிலே மடிகிறாள். முதிய சீக்கியத் தம்பதியர் ஹர்நாம் சிங்கும் பந்தோவும் துணையாகின்றனர். முடிவில் அகதி முகாமிலே கர்மோ கணவனின் பிணத்தைக் காண்கிறாள்; அங்கேயே குழந்தை பிறக்கிறது; வெளியே மத முழக்கங்கள். பார்த்தவர் கண் கலங்கினர். ஓம் பூரியின் அந்த முகத்தை எவரால் மறக்க முடியும்!

ஆனால் என்ன நடந்துவிட்டது? கடையை இழந்த ஹர்நாம் சிங்கும், ஏவப்பட்டுப் பன்றியைக் கொன்ற நத்துவும் ஒரே பாதையில் ஒரே துயரத்தோடு நடக்கும் இரு அகதிகளாகிவிட்டனர். கலவரம் புயலைப்போல, வெள்ளத்தைப்போல எல்லோர் மீதும் வந்து விழுந்த ஒன்றாகிவிட்டது. புயலுக்குக் காசு கொடுத்தவன் உண்டா? வெள்ளத்துக்குத் தரகன் உண்டா? நூலின் நத்து நம்மைக் கேள்வி கேட்க வைத்தான். திரையின் நத்து நம்மை அழவைத்தான். அழுது முடித்தவன் நிம்மதியாகத் தூங்கப் போனான்!

"ஆசிரியரே நடித்திருக்கிறாரே!" என்பர். ஆம், ஹர்நாம் சிங் வேடத்தில் பீஷ்ம சாஹ்னியே நடித்தார். அதனால் என்ன? எழுதியவர் இசைந்தார் என்பதற்காகப் படித்தவன் தன் நூலை மறந்துவிட வேண்டுமா? மாற்றத்திலே ஒரு நன்மை உண்டென்பதையும் ஒப்புவோம்: தாழ்த்தப்பட்ட ஒருவன் தொடர் முழுவதும் நாட்டின் நடுக்கூடத்திலே நின்றான். சிறிய செயலன்று அது. துணிவும் வேண்டியிருந்தது, தொடரைத் தடுத்து நிறுத்தச் சிலர் நீதிமன்றம் ஏறினர், பம்பாய் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் 1988இல் மறுத்து அனுப்பின. தடை கேட்டவர் மதம் புண்பட்டது என்றனர். போற்றியவர் மனிதநேயம் வென்றது என்றனர். ஐந்து ரூபாய் யாருடைய பையிலிருந்து வந்தது என்று இரு சாராரும் கேட்டாரில்லை.

தோழரே, படிப்பகத்திலே இந்நூலை எடுத்தால் கடைசி அத்தியாயத்தை இருமுறை படியுங்கள். கலவரம் ஓய்ந்துவிட்டது. அமைதிக் குழு கூடுகிறது. அமைதியைப் பரப்ப ஒரு பேருந்து புறப்படுகிறது. இந்து, இசுலாமியர், சீக்கியர் ஒற்றுமை வாழ்க என்று அதிலிருந்து முழக்கம் கேட்கிறது. முழங்குகிறவன் முன்னிருக்கையிலே உட்கார்ந்திருக்கிறான்: முராத் அலி! பார்த்தவுடன் அடையாளம் காட்டக்கூடியவன் ஒருவன் இருந்தான். அவன் செத்துப்போயிருந்தான்.