ஜெபத்திற்குச் சூத்திரம் உண்டா?

தியானப் பகுதி: அப்போஸ்தலருடைய நடபடிகள் 12:1–17



நம் வாலிபர்கள் பலர் ஃபேன்டஸி நாவல்களை விரும்பி வாசிக்கின்றனர். மந்திரமும் மாயமும் நிறைந்த அந்நூல்களைப் பிள்ளைகளின் கையில் காணும் பெற்றோர் சிலர், இவற்றை அனுமதிக்கலாமா என்று கேட்கின்றனர். அக்கேள்விக்கு இறுதியில் வருகிறேன். அதற்குமுன், அந்த வாசகர்கள் தங்களுக்குள் பல ஆண்டுகளாக நடத்திவரும் ஒரு விவாதத்தைச் சற்றுக் கவனிப்போம். நாம் முழங்காற்படியிட்டு ஜெபிக்கும்போது உண்மையில் என்ன செய்கிறோம் என்பதைச் சோதித்தறிய அது நமக்கு உதவும்.

விவாதம் இதுதான். கதையில் வரும் மந்திர ஆற்றலுக்குத் தெளிவான விதிகள் வேண்டுமா, அல்லது அது விளக்கப்படாத மறைபொருளாகவே இருக்கலாமா?

விதிகள் வேண்டும் என்போருக்கு அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் வழிகாட்டி. 2006-இல் வெளிவந்த அவருடைய 'மிஸ்ட்பார்ன்' நாவலில், சிலர் உலோகத் துகள்களை விழுங்கி, அவற்றை உள்ளே 'எரித்து' ஆற்றல் பெறுகின்றனர். எஃகை எரிப்பவர் அருகிலுள்ள உலோகத்தைத் தள்ளுவார். இரும்பை எரிப்பவர் அதைத் தம்மை நோக்கி இழுப்பார். தள்ளப்படும் பொருள் தம்மைவிடக் கனமானதானால், தள்ளுகிறவரே பின்னுக்கு வீசப்படுவார். விழுங்கிய உலோகம் தீர்ந்தால் ஆற்றலும் தீர்ந்துபோம். 2007-இல் எழுதிய ஒரு கட்டுரையில் சாண்டர்சன் ஒரு விதியையும் வகுத்தார். மந்திரத்தைக்கொண்டு ஓர் ஆசிரியர் கதையின் சிக்கலை எவ்வளவு நிறைவாகத் தீர்க்கலாம் என்பது, வாசகர் அம்மந்திரத்தை எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்பதே அதன் கருத்து. வழி தெரியாத நேரத்தில் திடீரென்று ஓர் அற்புத ஆற்றலைக் கொண்டுவந்து கதாநாயகனைக் காப்பாற்றுவது வாசகரை ஏமாற்றுவதாகும் என்பது இவர்களுடைய வாதம்.

மறுசாரார் ஜே.ஆர்.ஆர். டோல்கீனைச் சுட்டிக்காட்டுகின்றனர். 1954-55-இல் வெளிவந்த அவருடைய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலில், காண்டால்ஃப் என்னும் ஞானியின் ஆற்றல் எவ்வளவு, அது எவ்வாறு இயங்குகிறது என்று எங்கும் பட்டியலிடப்படவில்லை. கதையின் முடிவில் தீயமோதிரம் எரிமலையில் அழிந்தபின், பேருருவக் கழுகுகள் பறந்துவந்து ஃப்ரோடோவையும் சாமையும் நெருப்பின் நடுவிலிருந்து தூக்கிச் செல்கின்றன. இங்கேதான் வாசகர்களின் புகழ்பெற்ற கேள்வி எழுகிறது. கடைசியில் வரக்கூடிய கழுகுகள் தொடக்கத்திலேயே வந்திருக்கலாகாதா? அத்தனை நீண்ட கால்நடைப் பயணமும் அத்தனை பாடுகளும் எதற்காக? பகைவனின் கண்ணுக்குத் தப்பியிருக்க முடியாது என்பர் சிலர். கழுகுகள் எவருடைய வேலைக்காரரும் அல்ல, அவை தம் விருப்பப்படியே வருகின்றன என்பர் வேறு சிலர்.

பிரியமானவர்களே, இது கதைப்புத்தகக் கேள்விதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். இதே கேள்வியை வேதாகமமும் நம் முன்னே வைக்கிறது.

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தில் ஏரோது ராஜா, யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினால் கொலைசெய்கிறான். அதைச் சொல்ல லூக்கா ஒரே ஒரு வசனத்தையே செலவிடுகிறார். அதன்பின் பேதுரு பிடிபடுகிறார். வகுப்புக்கு நால்வராக நான்கு வகுப்புச் சேவகர்கள், அதாவது பதினாறு பேர், காவலுக்கு நிறுத்தப்படுகின்றனர். அன்றிரவு தேவதூதன் வருகிறான், சங்கிலிகள் விழுகின்றன, இரும்புக்கதவு தானாகவே திறவுண்கிறது. ஒரே அதிகாரம், ஒரே ராஜா, ஒரே சபை. பேதுருவுக்கு வந்த தூதன் யாக்கோபுக்கு ஏன் வரவில்லை?

வேதம் இக்கேள்விக்கு விடை சொல்லாமல் கடந்துசெல்கிறது. ஆனால் நாம் அந்த மவுனத்தைத் தாங்கமாட்டாமல் ஒரு சூத்திரத்தால் அதை நிரப்பிவிடுகிறோம். யாக்கோபுக்கு விசுவாசம் குறைந்திருக்கும், சபை பேதுருவுக்காக ஜெபித்ததுபோல் அவனுக்காக ஊக்கமாக ஜெபித்திராது என்கிறோம். வேதவாக்கியங்களோ இவ்விளக்கத்திற்கு இடங்கொடுப்பதில்லை. பேதுரு விடுதலையாகி, மாற்கு என்னும் யோவானின் தாயாகிய மரியாளின் வீட்டுக் கதவைத் தட்டியபோது நடந்தது என்ன? ரோதை என்னும் பெண் ஓடிவந்து, பேதுரு வாசலில் நிற்கிறார் என்றபோது, ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே அவளைப் பிதற்றுகிறாய் என்றனர். தங்கள் ஜெபத்தின் பதில் கதவைத் தட்டியும் அவர்கள் நம்பவில்லை. ஆயினும் பேதுரு விடுதலையாகியே இருந்தார். விசுவாசத்தின் அளவுக்கேற்ப அற்புதம் அளந்து கொடுக்கப்படுகிறது என்போர் இந்தக் காட்சிக்கு என்ன விளக்கம் சொல்வர்?

யாக்கோபைப் பற்றியும் ஒன்றை நினைவுகூர வேண்டும். மாற்கு 10-ஆம் அதிகாரத்தில், ஆண்டவருடைய மகிமையிலே வலதுபாரிசத்திலும் இடதுபாரிசத்திலும் அமர வேண்டுமென்று கேட்ட இருவரில் அவன் ஒருவன். தாம் குடிக்கும் பாத்திரத்தை அவர்களும் குடிப்பார்கள் என்று இயேசு அன்று அவர்களுக்குச் சொன்னார். ஆகவே ஏரோதின் பட்டயம் யாக்கோபின்மேல் விழுந்த நாளில் அவன் கைவிடப்பட்டவனல்லன். தன் ஆண்டவரின் பாத்திரத்தில் பங்குபெற்றவன்.

இன்று நம்மிடையே ஜெபம் எவ்வாறு போதிக்கப்படுகிறது என்று பாருங்கள். இத்தனை நாள் உபவாசித்தால் இன்ன ஆசீர்வாதம். ஏழு நாள் வீட்டைச் சுற்றிவந்து எரிகோ ஜெபம் செய்தால் தடைகள் உடையும். இத்தனை ரூபாய் விதைத்தால் நூறத்தனையாய் அறுக்கலாம். உபவாசமும் எண்ணெய் பூசுதலும் காணிக்கையும் வேதத்தில் உள்ளவையே. அவற்றை நான் குறைகூறவில்லை. நம்மையே தேவனுக்கு ஒப்புக்கொடுப்பதற்கு அவை துணை. தேவனை நம் விருப்பத்திற்கு இணங்கவைக்கும் கருவியாக அவற்றைக் கையாளும்போதோ, நாம் பெயரளவில் ஜெபித்துக்கொண்டு மந்திரம் ஓதுகிறோம். சாண்டர்சனின் கதாபாத்திரம் எஃகை விழுங்கினால் உலோகம் நகர்ந்தே தீரவேண்டும். பரலோகப் பிதாவையும் அவ்வாறு நகர்த்திவிடலாம் என்று எண்ணுகிறோம்.

இதன் விலையைச் செலுத்துகிறவர்கள் யார்? கடன்வாங்கிக் காணிக்கை செலுத்திவிட்டு வட்டி கட்ட வழியின்றி நிற்கும் குடும்பங்கள். மருத்துவமனையில் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, 'இன்னும் ஒருநாள் உபவாசித்திருந்தால் பிழைத்திருப்பானோ' என்று இரவெல்லாம் தன்னைத்தானே குற்றவாளியாகத் தீர்க்கும் தாய். சூத்திரம் உண்டென்று போதித்தால், பலன் வராதபோது பிழை ஜெபித்தவருடையதாகிவிடுகிறது. ஏற்கெனவே முறிந்த நெஞ்சின்மேல் குற்றச்சாட்டையும் சுமத்துவது மேய்ப்பனின் வேலையன்று.

இச்சோதனை புதிதுமன்று. அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் சமாரியாவைச் சேர்ந்த மாயவித்தைக்காரனாகிய சீமோன் விசுவாசித்து ஞானஸ்நானமும் பெற்றான். ஆயினும் அப்போஸ்தலர் கைகளை வைத்தபோது பரிசுத்த ஆவி அருளப்பட்டதைக் கண்டு, அந்த அதிகாரத்தைத் தனக்கும் தரும்படி பணத்தை நீட்டினான். சபைப் பதவிகளை விலைக்கு வாங்கும் பாவத்திற்குச் 'சைமனி' என்ற பெயர் அவனாலேயே வந்தது. அவன் தேவனை மறுக்கவில்லை. தேவவல்லமை தன் கைக்குள் இருக்கவேண்டுமென்று விரும்பினான். அவனுடைய பணத்தைத் தள்ளிய பேதுருவே, நான்கு அதிகாரங்களுக்குப்பின் இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு, இரண்டு சேவகர் நடுவே நித்திரை செய்கிறார். கதவைத் திறக்க அவர் கையில் எந்த வித்தையும் இல்லை. அதிகாரத்தை விலைக்குக் கேட்டவனுக்கு இல்லாத அமைதி, தன்னை ஒப்புக்கொடுத்தவருக்கு இருந்தது.

நம் ஆண்டவர் குருடரின் கண்களைத் திறந்த விதங்களையும் எண்ணிப்பாருங்கள். மத்தேயு 9-இல் இருவரின் கண்களைத் தொடுகிறார். மாற்கு 8-இல் பெத்சாயிதாவில் உமிழ்ந்து, இரண்டுமுறை கைகளை வைக்கிறார். மாற்கு 10-இல் பர்திமேயுவுக்கு ஒரு வார்த்தை மாத்திரம். யோவான் 9-இல் சேறுண்டாக்கிப் பூசி, சீலோவாம் குளத்திற்கு அனுப்புகிறார். முறையை வகுக்க முயலும் வாசகர் இங்கே திகைத்துப்போவார். தாவீதும் இதை அறிந்திருந்தான். ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் பெலிஸ்தரை ஒருமுறை நேராகச் சென்று வென்றபின், அவர்கள் மறுபடியும் வந்தபோது, பழைய வெற்றியின் வழியையே பிடித்துக்கொள்ளாமல் கர்த்தரிடத்தில் மீண்டும் விசாரித்தான். இம்முறை பின்புறமாகச் சுற்றிப்போகும்படி கட்டளை வந்தது. முறை கைவசமிருந்தால் விசாரிக்கத் தேவையில்லை. தேவனோ நாம் ஒவ்வொருமுறையும் தம்மிடத்தில் வந்து விசாரிக்கவேண்டுமென்று விரும்புகிறார்.

அப்படியானால் தேவன் ஒழுங்கற்றவரா? நினைத்தபோது காப்பாற்றி, நினைத்தபோது கைவிடுகிறவரா? விதிகளை விரும்பும் வாசகர்களின் கேள்வியிலுள்ள நியாயத்தை நாம் அலட்சியம் செய்யலாகாது. நம்பத்தகுந்த ஒன்றை மனித இருதயம் தேடுகிறது. நம் தேவன் நம்பத்தகுந்தவர். ஆனால் நம்மால் இயக்கத்தகுந்தவர் அல்லர். இயந்திரம் நம்பத்தகுந்ததாயிருப்பது அதன் விதியினால். தகப்பன் நம்பத்தகுந்தவனாயிருப்பது அவனுடைய குணத்தினால். கர்த்தர் நம்மோடு செய்திருப்பது உடன்படிக்கை.

சி.எஸ். லூயிஸ் 1950-இல் வெளியிட்ட முதல் நார்னியா நூல் இதைப் பிள்ளைகளுக்கும் விளங்கவைக்கிறது. அங்கே ஒரு பழைய விதி உண்டு. அதன்படி துரோகி ஒவ்வொருவனும் சூனியக்காரிக்கு உரியவன். எட்மண்ட் என்னும் சிறுவன் துரோகம் செய்துவிட்டான். சிங்கமாகிய அஸ்லான் அவ்விதியைத் தன் வல்லமையால் மீறுவதில்லை. அவனுக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொடுக்கிறான். சூனியக்காரி அறியாத, இன்னும் ஆழமான ஓர் உண்மை அப்போது வெளிப்பட்டு, மரணமே பின்வாங்குகிறது. அவள் அறிந்திருந்தது உரிமைகோரும் விதி மட்டுமே. குற்றமற்றவர் மனமுவந்து தம்மைக் கொடுக்கும் அன்பை அவள் அறிந்திருக்கவில்லை.

கெத்செமனேயில் நம் இரட்சகர், பாத்திரம் நீங்கும்படி கேட்டார். ஆயினும் பிதாவின் சித்தமே ஆகக்கடவது என்றார். குறைவற்ற விசுவாசமுள்ள குமாரனுடைய அந்த விண்ணப்பத்திற்குப்பின் சிலுவை வந்தது. ஆகையால் கேட்டது கிடைக்காத எந்த விசுவாசியையும் நோக்கி, 'உன் ஜெபத்தில் பிழை' என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. யாக்கோபுக்குத் தூதன் ஏன் வரவில்லை என்பதற்கு எனக்கும் விடையில்லை. ஆனால் யாக்கோபின் தேவன் தூரத்தில் நின்று பார்த்தவர் அல்லர். அவனுக்கு முன்னே அதே பாத்திரத்தைக் குடித்தவர் என்பதை அறிவேன். மூன்றாம் நாளில் கல்லறை திறந்திருந்தது என்பதையும் அறிவேன்.

இனிப் பெற்றோரின் கேள்விக்கு வருகிறேன். உண்மையான சூனியத்தையும் குறிகேட்பதையும் வேதம் விலக்குகிறது; அதில் ஐயமில்லை. கதையைக் கதையாக வாசிக்கும் பிள்ளையிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்காமல், அருகில் அமர்ந்து கேளுங்கள். இந்தக் கதையில் வல்லமை யாரிடம் இருக்கிறது? அவர் அதைக்கொண்டு என்ன செய்கிறார்? டோல்கீனின் காண்டால்ஃப் மோதிரத்தை ஏன் வாங்க மறுத்தார்? நன்மை செய்யும் ஆசையே அதன் வழியாகத் தன்னைக் கொடுங்கோலனாக்கும் என்று அவர் அஞ்சினார். இதை உணர்ந்த பிள்ளை, சீமோனின் பாவத்தையும் உணர்ந்துகொள்ளும். பிள்ளையின் கையிலுள்ள நாவலைவிட, நம் ஜெபஅறையில் நாம் கையாளும் சூத்திரங்களே எனக்கு அதிகக் கவலையளிக்கின்றன.

இவ்வாரம் ஒன்று செய்வோம். பதில் கிடைக்காமல் துக்கித்திருக்கும் ஒரு குடும்பத்தைச் சந்தியுங்கள். காரணம் சொல்லாதீர்கள், புதிய ஜெபமுறை எதையும் கற்பிக்காதீர்கள். அவர்களோடு அமர்ந்து, அவர்களுக்காக எளிய வார்த்தைகளில் பிதாவை நோக்கிக் கூப்பிடுங்கள்.

ஜெபம்: பரலோக பிதாவே, உம்மை எங்கள் கைக்குள் அடக்க நினைத்த வேளைகளுக்காக எங்களை மன்னியும். கதவு திறக்கும் இரவிலும், திறவாத இரவிலும், நீர் எங்கள் தகப்பன் என்று உம்மில் இளைப்பாறக் கிருபை தாரும். இழப்பினால் முறிந்திருக்கும் உள்ளங்களைக் குற்றவுணர்விலிருந்து விடுவியும். இயேசு கிறிஸ்துவின் மூலம் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.