மாயக் காரும் மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளும்

உளவுப் படங்களில் கருவிகள் கூடிவிட்டன என்று சலித்துக்கொள்கிறார்கள். எனக்குக் கருவிகளோடு கோபமில்லை. பழுதே படாத கருவிகளோடுதான் கோபம். 1964இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஆசனத்தோடு ஆளைத் தூக்கியெறியும் அஸ்டன் மார்ட்டின் இருந்தும், ஜேம்ஸ் பொண்ட் சுவரில் மோதிப் பிடிபடுகிறார். அதனால்தான் நம்பினோம். 2002இல் 'டை அனதர் டே' கண்ணுக்கே தெரியாத காரைக் கொடுத்தது. காரோடு சேர்ந்து ஆபத்தும் மறைந்துபோனது. 1979இல் விண்வெளிக்குப் போன இந்தப் படத் தொடர், 1981இல் பொண்டின் லோட்டஸ் காரை வெடிக்கவைத்து, அவரை ஒரு சின்ன சித்ரோன் காரில் தப்பவிட்டது. அந்தத் துரத்தல் இன்றும் சுவைக்கிறது.

கருவி கைவிடுவதைப் பற்றி யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய்க்காரருக்கு விளக்கம் தேவையில்லை. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள் மின்சாரமின்றிக் கிடந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்டார்கள். கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகிய மோட்டார் சைக்கிள், மண்ணெண்ணெயில் புகை கக்கியபடி ஓடியது. வெளியூரார் நம்பமாட்டார்கள். ஆனால் சைக்கிளை மிதிக்கிறவர் களைத்தால் றேடியோச் செய்தியும் நின்றுவிடும். அந்தக் களைப்புத்தான் கருவியை உண்மையாக்குகிறது.

2006இல் 'கசினோ ரோயல்' கருவிகளைப் பெரும்பாலும் கைவிட்டது. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அடுத்த பொண்டுக்கு எதையும் கொடுங்கள். முக்கியமான நேரத்தில் அது ஒருமுறையாவது காலை வாரட்டும்.