பழைய கம்ப்யூட்டரில் புது எஸ்.எஸ்.டி.: பெட்டியில் போட்ட வேகம் கிடைக்குமா?

சுவிட்சைப் போட்டுவிட்டு, அடுப்பில் பால் வைத்து, காபி கலந்து எடுத்து வந்தாலும் திரையில் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பத்து வயதைத் தாண்டிய கம்ப்யூட்டர் இருக்கும் வீடுகளில் இது பழகிப்போன காட்சி. கடையில் கேட்டால் இரண்டு பதில்களில் ஒன்று வரும். 'புதுசு வாங்கிடுங்க சார்' அல்லது '7,000 எம்.பி. ஸ்பீடுல ஒரு என்.வி.எம்.இ. போட்டுடலாம்'. இரண்டுக்குமே பர்ஸைத் திறப்பதற்கு முன், ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி உங்கள் மதர்போர்டு என்ன என்று பாருங்கள். அந்தப் பத்து நிமிடம் சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தலாம்.

முதலில், ஏன் இத்தனை மந்தம்?

பழைய ஹார்டு டிஸ்க்கின் உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 120 சுற்று. ஒரு ஃபைலைத் தேட, ஊசி போன்ற முனை நகர்ந்து சரியான இடத்துக்குப் போக வேண்டும். தட்டும் சுற்றி வந்து சேர வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து சராசரியாக 12, 13 மில்லி செகண்டு. கணக்குப் போட்டால் ஒரு நொடியில் சுமார் 80 இடங்களைத்தான் எட்ட முடியும்.

விண்டோஸ் திறக்கும்போது படிப்பதில் பெரும்பாலானவை அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றும் 4 கே.பி. என்று வைத்துக்கொண்டால், 80 துண்டு என்பது வெறும் 320 கே.பி. பெரிய சினிமா ஃபைலை நொடிக்கு 150 எம்.பி. வேகத்தில் படிக்கும் அதே டிஸ்க், இந்த வேலையில் அரை எம்.பி.யைக்கூடத் தொடாமல் திணறுகிறது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. அதனால் தேடும் நேரமே ஏறத்தாழ காணாமல் போகிறது.

உங்கள் போர்டு எந்த ரகம்?

ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறங்கள். 'பேஸ்போர்டு ப்ராடக்ட்' என்ற வரியில் மாடல் எண் இருக்கும். அதில் வரும் எழுத்தும் எண்ணும்தான் விஷயம். நம் ஊரில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் அதிகம் பார்க்கக் கிடைக்கும் இன்டெல் ரகங்கள் இவை:

எச்61: 2011-இல் வந்தது. இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிராசஸர்களுக்கானது. அப்போதைய போர்டுகளில் எம்.2 ஸ்லாட் கிடையாது. சிப்செட் தருவது சாட்டா 2 மட்டுமே. சாட்டா எஸ்.எஸ்.டி. மாட்டினால் நொடிக்கு 250 முதல் 280 எம்.பி. வரை வரும்.

எச்81: 2013-இல் வந்தது. நான்காம் தலைமுறை. இதில் சாட்டா 3 போர்ட் இரண்டு உண்டு. அதில் மாட்டினால் 500 எம்.பி.யைத் தாண்டும். மீதி இரண்டு போர்ட் சாட்டா 2. எனவே கேபிளை எந்த போர்ட்டில் சொருகுகிறோம் என்பது முக்கியம். போர்டின் மேலேயே அச்சடித்திருப்பார்கள்.

எச்110: 2015-இல் வந்தது. ஆறாம், ஏழாம் தலைமுறை. சில மாடல்களில் எம்.2 ஸ்லாட் உண்டு, சிலவற்றில் இல்லை. இருந்தாலும் அது பி.சி.ஐ.இ. 2.0 வகைதான். 4 லேன் கொடுத்திருந்தால் காகிதத்தில் 2,000 எம்.பி.; கையில் கிடைப்பது 1,500-லிருந்து 1,700 வரை.

பி150, பி250, இசட்170: இவற்றின் எம்.2 ஸ்லாட் பொதுவாக பி.சி.ஐ.இ. 3.0, 4 லேன். 3,500 எம்.பி. வரை எதிர்பார்க்கலாம்.

பெட்டியில் 7,000 என்று போட்ட டிரைவ், பி.சி.ஐ.இ. 4.0-க்காகச் செய்தது. மேலே சொன்ன ஸ்லாட்டுகளிலும் அது வேலை செய்யும், ஆனால் ஸ்லாட்டின் வேகத்துக்குத்தான் ஓடும். ஒற்றையடிப் பாதையில் எந்தக் காரை ஓட்டினாலும் ஒரே வேகம்தானே?

வாங்கும் முன் மூன்று கேள்விகள்

ஒன்று, எம்.2 ஸ்லாட் இருந்தால் அது சாட்டாவுக்கா, என்.வி.எம்.இ.க்கா? இரண்டு டிரைவும் பார்க்க ஒரே மாதிரி, 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் கொண்ட பட்டைதான். ஆனால் ஒன்றுக்கான இடத்தில் மற்றது வேலை செய்யாது. மானுவலைப் பார்ப்பதுதான் நிச்சயம். மாடல் எண்ணைக் கொடுத்தால் தயாரிப்பாளரின் தளத்தில் மானுவல் இலவசமாகக் கிடைக்கும். எம்.2-வில் டிரைவ் போட்டால் ஒரு சாட்டா போர்ட் செயலிழக்கும் போர்டுகளும் உண்டு. அதுவும் மானுவலில் இருக்கும்.

இரண்டு, எம்.2 இல்லாவிட்டால், கிராஃபிக்ஸ் கார்டு போடும் நீள ஸ்லாட் காலியாக இருக்கிறதா? விலை மலிவான ஒரு அடாப்டர் கார்டு மூலம் என்.வி.எம்.இ. டிரைவை அதில் மாட்டலாம்.

மூன்று, அந்த டிரைவிலிருந்து விண்டோஸ் பூட் ஆகுமா? என்.வி.எம்.இ. தரநிலையின் முதல் பதிப்பே 2011-இல்தான் வெளியானது. அந்தக் காலத்து பயாஸ்கள் பலவற்றுக்கு இந்த வகை டிரைவ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. விண்டோஸ் திறந்த பிறகு டிரைவ் தெரியும். ஆனால் அதிலிருந்து விண்டோஸைத் தொடங்க முடியாது. இப்படிப்பட்ட போர்டுக்கு சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யே போதும். விலையும் வீணாகாது.

மாட்டும் நாள்

முதல் வேலை பேக்கப். கல்யாண வீடியோ, குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ, மறைந்த பெரியவர்களின் குரல் என்று பழைய டிஸ்க்கில் இருப்பவை கடையில் கிடைக்காதவை. தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகல் எடுத்து, நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்த பிறகுதான் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டும். பழைய டிஸ்க்கை உடனே அழித்துவிடாதீர்கள். ஒரு மாதமாவது அப்படியே இருக்கட்டும்.

மின் இணைப்பைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு தடவை தொட்டால் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். எம்.2 டிரைவைச் சுமார் 30 டிகிரி சாய்வில் சொருகி, மெல்ல அழுத்திப் படுக்க வைத்து, ஒரே ஒரு ஸ்குரூவைப் போட்டால் முடிந்தது. இறுக்கித் திருக வேண்டியதில்லை. புது டிரைவ் 'மை கம்ப்யூட்டர்' பக்கத்தில் தெரியவில்லை என்று பதற வேண்டாம். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து, ஜி.பி.டி. முறையைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் செய்தால் வந்துவிடும்.

வேகத்தை அளப்பது எப்படி?

இரண்டு இலவச மென்பொருள்கள் போதும். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ'வில் 'டிரான்ஸ்ஃபர் மோட்' என்ற வரியில் இரண்டு விவரம் இருக்கும். முதலாவது இப்போது ஓடும் வேகப் பாதை, இரண்டாவது அந்த டிரைவ் தாங்கக்கூடியது. பி.சி.ஐ.இ. 2.0 போர்டில் இரண்டும் வேறுபட்டால் டிரைவில் கோளாறு என்று அர்த்தம் இல்லை. போர்டின் எல்லை அவ்வளவுதான்.

அடுத்தது 'கிரிஸ்டல் டிஸ்க் மார்க்'. நான்கு வரியில் முடிவு காட்டும். மேலே உள்ள இரண்டும் பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். பெட்டியில் அச்சிடுவது இந்த எண்ணைத்தான். கீழே கடைசி வரியைப் பாருங்கள். 4 கே.பி. துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்கும் வேகம் அது. ஹார்டு டிஸ்க்கில் இது ஒரு எம்.பி.க்கும் கீழே, சாட்டா எஸ்.எஸ்.டி.யில் 25 முதல் 40, என்.வி.எம்.இ.யில் 40 முதல் 70 வரை. விண்டோஸ் திறப்பது, பிரவுசர் திறப்பது, டேலி திறப்பது எல்லாம் இந்த வரிக்குப் பக்கத்தில்தான்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு மாறும்போது இந்த எண் கிட்டத்தட்ட நூறு மடங்கு ஏறுகிறது. சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு இரண்டு மடங்குகூட ஏறுவது சந்தேகம். அதனால் எச்61 வைத்திருப்பவரும் ஏங்க வேண்டியதில்லை. பெரிய வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்குத்தான் மேல் வரியின் வித்தியாசம் தினமும் தெரியும். சோதனையை ஒன்றிரண்டு தடவை செய்தால் போதும். ஒவ்வொரு முறையும் அது டிரைவில் எழுதிப் பார்க்கிறது.

இதையும் யோசியுங்கள்

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். எஸ்.எஸ்.டி. போட்டாலும் இது மாறாது. பிள்ளைகள் படிப்பதற்கும், கணக்கு எழுதுவதற்கும், படம் பார்ப்பதற்கும் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச சிஸ்டம் அந்தப் பழைய கம்ப்யூட்டரிலேயே தாராளமாக ஓடும். என்றைக்காவது புதுசு வாங்கும்போது, இப்போது வாங்கிய எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். அதனால் கடைக்குப் போகும்போது போர்டு மாடல் எண்ணை போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். '7,000' என்று யாராவது ஆரம்பித்தால், அந்தப் போட்டோவைக் காட்டி, 'இந்த போர்டுல எவ்வளவு வரும்?' என்று கேளுங்கள்.