மஞ்சள் விளக்கு அணைஞ்சா போதுமா?

டேஷ்போர்டில் சறுக்கும் கார் படத்தோடு ஒரு மஞ்சள் விளக்கு எரியுதா? சிலர் பதறி நடுரோட்டிலேயே நிறுத்துகிறார்கள். பலர் ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். இரண்டுமே தப்பு.

மழையில், திருப்பத்தில் விளக்கு சிமிட்டினால் அது கோளாறு இல்லை. சக்கரம் வழுக்குவதை உணர்ந்து இஎஸ்சி வேலை செய்கிறது. வேகத்தை மெல்லக் குறைத்தால் போதும்.

அணையாமல் எரிந்தால், முதலில் இஎஸ்சி ஆஃப் பட்டனில் கை பட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோளாறுதான். சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் வண்டி சறுக்கும்போது தாங்கிப் பிடிக்க இஎஸ்சி இருக்காது. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் பத்திரமாக ஓரங்கட்டி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

காரணம் பல நேரம் சின்னதுதான்: வீல் ஸ்பீடு சென்சாரில் சேறு, அறுந்த ஒயர், பலவீனமான பேட்டரி. ஆனால் ஸ்கேனரில் எரர் கோட் அழித்தாலே விளக்கு அணைந்துவிடும். கோளாறு அப்படியே இருக்கும். அதனால் ‘லைட் போயிடுச்சா?’ என்று கேட்காதீங்க. ‘என்ன கோட் வந்துச்சு, எதைச் சரி பண்ணீங்க?’ என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்க. காசு கொடுப்பது விளக்கை அணைக்க இல்லையே!