புதுப் படகு அப்புறம், முதலில் பழுதுபார்க்கக் காசு கொடுங்கள்

2008 மே 2 அன்று ஐராவதி டெல்டாவில் புகுந்த நர்கிஸ் புயல், மறுநாள் காலை யாங்கூனையும் புரட்டிப் போட்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,38,000 பேருக்கு மேல். டெல்டா மக்களுக்குப் படகுதான் சாலை, சந்தைக்கு வண்டி, ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ். அது போனால் எல்லாமே போச்சு. அதே நிலைமையைத்தான் 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம், மல்லிப்பட்டினம் பக்கம் நமக்கும் காட்டியது.

புயல் முடிந்ததும் "புதுப் படகு தருகிறோம்" என்று அறிவிப்பு வரும். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு என்ன நடந்தது? ஆளாளுக்கு ஃபைபர் படகுகளை வாரிக் கொடுத்தார்கள். பல படகுகளின் தரம் சரியில்லை, சில ஊர்களில் எண்ணிக்கையும் தேவைக்கு மேல் போனது.

சின்னப் பாய்மரப் படகோ ஃபைபர் வள்ளமோ, மூழ்கினாலே செத்துப்போவதில்லை. அதற்கப்புறம் கவனிக்காமல் விடுவதுதான் கொல்லுகிறது. ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஒரு டன்னுக்கு மேல். தண்ணீரோடு கயிறு கட்டி இழுத்தால் புயலில் தப்பிய படகும் பிளந்துவிடும். முதலில் பாயைக் கழற்றி, தண்ணீரை இறைத்து, பிறகுதான் மெல்லத் தூக்க வேண்டும். மூழ்கிய எஞ்சினை வெளியே எடுத்துக் காற்றில் சும்மா வைத்தால் மணிக்கணக்கில் துரு ஏறும். உடனே நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, உள்நீரை வடித்து எண்ணெய் விட வேண்டும். மெக்கானிக் வரத் தாமதமானால் நல்ல தண்ணீர்த் தொட்டியிலேயே முக்கி வைப்பது மேல். ஃபைபர் ஓட்டையை மேலே புட்டி பூசி மறைத்தால் அடுத்த அலையில் பெயர்ந்துவிடும். நன்கு காயவிட்டு, விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, பிசினும் இழைப்பாயும் அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. தேவை வேகம். நம் நிவாரண விதிகளோ வேறு திசையில் இழுக்கின்றன. 2015–20 காலத்து மாநிலப் பேரிடர் நிதி விதிமுறையில், பகுதி சேதமான படகைப் பழுதுபார்க்க 4,100 ரூபாய், முழுச் சேதத்துக்கு 9,600 ரூபாய். மாநில அரசுகள் கூடுதலாக அறிவிப்பதுண்டு. ஆனாலும் கணக்கு ஒன்றுதான்: படகைக் காப்பாற்றினவருக்குக் குறைவு, கைவிட்டவருக்கு அதிகம். அதிகாரி வந்து பார்க்கும்வரை யார்தான் படகைத் தொடுவார்கள்?

எங்கள் ஐடி வேலையில் சர்வர் விழுந்தால் முதலில் மீட்பு, விசாரணை பிறகு. இங்கும் அதையே செய்யலாம். நாலு பக்கமும் செல்போனில் எடுத்த, இடமும் நேரமும் பதிந்த படத்தையே சான்றாக ஏற்று, "இனி படகைத் தொடலாம்" என்று அன்றைக்கே சொல்லிவிடலாம். "பொய்க் கணக்கு வருமே" என்பார்கள். வரலாம். மீன்வளத் துறைப் பதிவு எண்ணோடும் பழைய படத்தோடும் ஒப்பிட்டால் பெரும்பாலானதைப் பிடித்துவிடலாம். சிலர் ஏமாற்றுவார்கள் என்பதற்காக எல்லார் எஞ்சினும் துருப்பிடிக்க வேண்டுமா?

பொழுதுபோக்குக்குப் பாய் விரிப்பவரால் படகு சரியாகும்வரை காத்திருக்க முடியும். மீனவருக்கு ஒவ்வொரு நாளும் கூலி. அதனால் மழைக்காலத்துக்கு முன்பே ஒவ்வொரு மீன்பிடி ஊரிலும் பம்ப், பிசின், இழைப்பாய், பயிற்சி பெற்ற நாலு இளைஞர்கள் தயாராக இருக்க வேண்டும். பழுதுபார்க்கும் தொகையை உயர்த்தி, முதல் வாரத்திலேயே கையில் கொடுக்க வேண்டும். புதுப் படகு, உண்மையிலேயே மீட்க முடியாதவற்றுக்கு மட்டும் போதும்.