ஒன்பது கல் குறையும்

அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 31 வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். ஒவ்வொரு பெரிய தேர்வும் முடிந்த கையோடு எங்களிடம் இரண்டு பட்டியல் கேட்பார்கள். ஒன்று மெல்லக் கற்போர், இன்னொன்று மீத்திறன் மாணவர்கள். முதல் பட்டியலுக்கு மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், மினிமம் மெட்டீரியல், வாராவாரம் ரிப்போர்ட் எல்லாம் உண்டு. இரண்டாவது பட்டியல் ஃபைலுக்குள் போனால் போனதுதான். அந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று என் சர்வீஸில் ஒருவரும் கேட்டதில்லை. சென்டம் எத்தனை வரும் என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலைத் தயாரிப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. மார்க் ரிஜிஸ்டரைத் திறந்து, 80க்கு மேல் எடுத்தவர்களை வரிசையாக எழுதினால் முடிந்தது. புக் பேக் கேள்வியை ஒரு எழுத்து பிசகாமல் எழுதுகிற பிள்ளை அதில் வந்துவிடும். வராமல் போன ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பு. அப்பா, அம்மா இருவரும் செங்கல் சூளைக் கூலிகள். ஒருநாள் 35ஐ 35ஆல் பெருக்கச் சொன்னேன். மற்றவர்கள் நோட்டில் மார்ஜின் போடுவதற்குள் அவன் 1225 என்று எழுதிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “வழிமுறை எங்கேடா?” என்றேன். “தெரியும் டீச்சர்” என்றான். யாரையோ பார்த்து எழுதியிருக்கிறான் என்று முடிவு கட்டி வெளியே நிற்க வைத்தேன். பீரியட் முடிந்து வராந்தாவில் மறுபடி கேட்டபோது, கையைக் காற்றில் வீசிக் காட்டிச் சொன்னான்: “முப்பத்தஞ்சு வரிசை கல்லு டீச்சர். வரிசைக்கு முப்பத்தஞ்சு. கடைசி அஞ்சு வரிசையைக் கலைச்சிடணும். அந்தக் கல்லை எடுத்து மிச்ச முப்பது வரிசைக்கும் அஞ்சஞ்சு சேர்த்தா எல்லா வரிசையும் நாப்பது ஆயிடும். கையில இருபத்தஞ்சு கல்லு நிக்கும்.”

முப்பது நாற்பது 1200, கையில் 25. சரிதான். சந்தேகத்தோடு 47 பெருக்கல் 53 கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். “அம்பதுக்கு அம்பது அடுக்கினா ஒம்பது கல்லு குறையும் டீச்சர்.” 2500இல் ஒன்பது போனால் 2491. அதற்கான முற்றொருமைப் பாடத்துக்கு நாங்கள் போகவே இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அரையாண்டில் அவனுக்கு 31 மார்க். படிகள் எழுதவில்லை, வரைபடத்தில் அளவுத்திட்டம் போடவில்லை, கடைசிப் பக்கத்தைத் தொடவே இல்லை. மெல்லக் கற்போர் பட்டியலில் அவன் பெயரை என் கையால்தான் எழுதினேன். 35க்குக் கீழே என்றால் அந்தப் பட்டியல்தான் என்பது உத்தரவு. ஸ்பெஷல் கிளாஸில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தான். பொங்கல் கழிந்து சூளையில் வேலை தொடங்கியதும் குடும்பத்தோடு போனான். ஜூனில் வரவில்லை. டி.சி. வாங்கக்கூட யாரும் வரவில்லை.

திறமையைக் கண்டுபிடிக்க நம்மிடம் தேர்வே இல்லை என்று சொல்ல வரவில்லை. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள், ஆண்டுக்கு 1,000 ரூபாய். மாதக் கணக்கில் 83 ரூபாய் சொச்சம். கணக்கு டீச்சர் புத்தி, வகுத்துப் பார்த்துவிட்டேன். பதினோராம் வகுப்புக்கு 2023இல் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு வந்தது. 1,000 பேருக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை ஆண்டுக்கு 10,000. பணத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். என்.எம்.எம்.எஸ். பணம் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சை இரண்டு வருஷம் தள்ளிப்போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ரிசல்ட் வந்த மறுநாளும் அந்தப் பெண் அதே பெஞ்சில் அதே பாடத்தை அதே வேகத்தில்தான் கேட்கிறாள். கண்டுபிடிக்கிறோம், கைதட்டுகிறோம், பேங்க் அக்கவுண்டில் போடுகிறோம். சொல்லிக் கொடுப்பது மட்டும் நடப்பதில்லை. என்.எம்.எம்.எஸ்.ஸின் மனத்திறன் தாளில் பாடப்புத்தகம் கிடையாது. 90 கேள்வி, 90 நிமிஷம், யோசித்தால் போதும். சூளைப் பையன் மாதிரிப் பிள்ளைகள் தலைகாட்டக்கூடிய ஒரே இடம் அதுதான். நாங்கள் அதற்கும் கைடு வாங்கி உருப்போட வைத்துவிட்டோம்.

வகுப்பில் சீக்கிரம் முடிக்கிற பிள்ளையை நாம் என்ன செய்கிறோம்? லீடர் ஆக்குகிறோம். என்னிடம் ஒரு பெண் இருந்தாள். பத்து நிமிஷத்தில் எல்லாக் கணக்கையும் போட்டுவிடுவாள். மீதி அரை மணி நேரம் மற்றவர்கள் நோட்டைத் திருத்தக் கொடுத்தேன். ஒரு வருஷத்தில் என்னைப் போலவே டிக் போடக் கற்றுக்கொண்டாள். வால் கொஞ்சம் நீளமாக, மேலே வளைந்து. அவள் என்னிடம் புதிதாகக் கற்றது அது ஒன்றுதான் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. பத்தாம் வகுப்பில் சென்டம் எடுத்தாள். எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

நான் வேலை பார்த்த பள்ளிகளின் எச்.எம்.கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்று சொல்வார்கள்: “பெயிலாகிறவனைப் பாருங்க டீச்சர், நல்லாப் படிக்கிறது எப்படியும் தேறிடும்.” அவர்கள் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. 52 பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் பத்துப் பேருக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வராது. அவர்களை விட்டுவிட்டு ஒருத்தியைக் கவனிப்பது பாவம் என்று நானும் நினைத்தவள்தான். ஆனால் தேறுவதும் கற்பதும் ஒன்றல்லவே. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருகிறார். அதே மையத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை, சுற்றுவட்டாரப் பள்ளிகளில் கணக்கில் கிறுக்குப் பிடித்த பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்தால் என்ன? பஸ் காசு மட்டும்தான் செலவு.

உத்தரவுக்குக் காத்திராமல் செய்தவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன், பிள்ளைகளை வைத்தே கணிதக் கண்காட்சிகள் நடத்தினார். ராயபுரத்தில் 1993இல் ராமானுஜன் அருங்காட்சியகம் பிறந்ததும் அவர் முயற்சியில்தான்.

மாவட்டத்துக்கு ஒரு மாதிரிப் பள்ளி இருக்கிறதே என்பார்கள். நல்ல காரியம்தான். அங்கிருந்து ஐ.ஐ.டி. போகிற பிள்ளைகளைப் பேப்பரில் பார்த்தால் எனக்கும் தொண்டை அடைக்கிறது. ஆனால் அங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் சேர முடியும். என் சூளைப் பையன் எட்டிலேயே போய்விட்டான். தவிர, கெட்டிக்காரப் பிள்ளைகளையெல்லாம் ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டால் எங்கள் வகுப்பில் கேள்வி கேட்க யார் மிஞ்சுவார்கள்?

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் ஒரு காரியம் செய்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கணக்கு பீரியடுக்கு மட்டும் என் ஒன்பதாம் வகுப்பில் உட்காரவைத்தேன். இரண்டு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் கணக்கு வரும்படி எச்.எம். சார் டைம்டேபிளில் நாலு கட்டத்தை மாற்றிக் கொடுத்தார். ஆய்வுக்கு வந்த அதிகாரி அவளைப் பார்த்துவிட்டு, “நீ எந்த கிளாஸ்மா?” என்றார். “எமிஸ் பதிவுல ஏழாவது சார், கணக்குக்கு ஒன்பதாவது” என்றாள். அவர் எங்களைப் பார்த்தார், சிரித்தார், ஒன்றும் எழுதாமல் போய்விட்டார்.

மூன்றாவது வாரம் மெய்யெண்கள் பாடம். ரூட் இரண்டின் தசம விரிவு முடிவே இல்லாதது என்று எழுதிப் போட்டேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அவள் மட்டும் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள்.

“முடியவே முடியாதுன்னா, கடைசி வரைக்கும் போய்ப் பார்த்தது யாரு டீச்சர்?”

கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.