மூடுபனியில் முதுகுப்பக்கம்

நம் ஊர் மார்கழிப் பனிக்கும் டில்லிப் பனிக்கும் உறவு கொண்டாட முடியாது. அது கோலத்தை நனைத்துவிட்டு வெயில் ஏறுமுன் போய்விடும். இது சில நாட்களில் நடுப்பகல் வரையில் சாலையை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பார்வை 50 மீட்டருக்கும் குறைந்தால் 'மிக அடர்ந்த மூடுபனி' என்பது வானிலை இலாகாவின் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு அந்த 50 மீட்டர் மூன்றே விநாடி.

சென்ற ஜனவரியில் நாங்கள் நான்கு பேர் வாடகைக் காரில் ஹரித்துவாரத்துக்குப் புறப்பட்டோம். மீரட்டைத் தாண்டியதும் எதிரே வெள்ளைச் சுவர். டிரைவர் நல்ல மனிதர், அனுபவஸ்தர். உடனே ஹெட்லைட்டை 'ஹைபீமில்' போட்டார். நான்கு மூலை விளக்குகளையும் கண்சிமிட்ட விட்டார். சுவர் இன்னும் வெளுத்ததே தவிர விலகவில்லை. விளக்கைத் தாழ்த்தும்படி கேட்டுக்கொண்டேன். "வெளிச்சத்தைக் குறைத்தால் வழி எப்படித் தெரியும், பேட்டா?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள். ஹைபீமின் ஒளி அவற்றில் பட்டுச் சிதறி நம் கண்ணுக்கே திரும்புகிறது. தாழ்த்திய விளக்கு சாலையின்மேல் விழுகிறது. பம்பரில் பதித்த பனிவிளக்கு இன்னும் தாழ்விலிருந்து, அகலமாக, தரையை ஒட்டி ஒளி வீசுகிறது. மஞ்சள் பல்பு பனியைத் துளைத்துவிடும் என்று எங்கள் விடுதியில் ஒரு கட்சி உண்டு. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. மஞ்சளும் வெள்ளையும் அதில் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறும்.

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே விளக்கைத் தாழ்த்தினார். வழி தெளிவாகத் தெரியாததால் வேகத்தையும் குறைத்தார். சற்று நேரத்தில் எதிரே ஒரு கரும்பு டிராலி! பின்னால் ஒரு விளக்கு இல்லை, ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டைகூட இல்லை. தோகை எங்கள் பானெட்டை உரசும் தூரத்தில் கார் நின்றது. வெகுநேரம் எங்களில் ஒருவரும் பேசவில்லை.

டிராலிக்காரரைத் திட்டுவது சுலபம். இன்றைய புதுக் கார்கள் பலவற்றில் இஞ்சின் ஓடினாலே முன்புறம் பகல்விளக்கு எரிகிறது, டாஷ்போர்டும் ஒளிர்கிறது. விளக்குப் போட்டாயிற்று என்று ஓட்டுகிறவர் நம்பிவிடுகிறார். பின்புறச் சிவப்பு விளக்கோ பல கார்களில் அப்போது எரிவதே இல்லை. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய கார், பின்னால் வருகிறவனுக்கு இன்னொரு கரும்பு டிராலிதான். 2017 நவம்பர் 8ஆம் தேதி யமுனா விரைவுச் சாலையில் புகைப்பனியில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மோதியதைப் படத்தில் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

நான்கு மூலை விளக்குகளைப் பற்றி என்னோடு சண்டைக்கு வரும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவை நின்றுபோன வண்டிக்கு உரியவை என்பது என் கட்சி. ஓடும் வண்டி அவற்றைச் சிமிட்டினால், அது நிற்கிறதா, நகர்கிறதா, எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று பின்னால் வருகிறவன் எப்படி அறிவான்? பின்புறப் பனிவிளக்கு இருந்தால் அதைப் போடலாம். பனி விலகியதும் மறக்காமல் அணைக்கவும் வேண்டும், கண் கூசும்.

நம் சங்கம் குளிர்காலச் சுற்றுலாவுக்கு வண்டி பேசும்போது முதலில் கேட்பது வாடகை, அடுத்தது பாட்டு வசதி. புறப்படுமுன் ஒருவர் இறங்கி வண்டியின் பின்னால் போய்ப் பார்க்கட்டும் என்கிறேன். அன்று கதௌலியில் டீ குடிக்க இறங்கியபோது நானும் டிரைவரும் அப்படித்தான் போய்ப் பார்த்தோம். இடதுபக்கச் சிவப்பு விளக்கு எரியவில்லை. அவர் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார், எரிந்தது.